மவுஸுக்குள் வைத்த சுடர்

எனக்கு எதையும் இருக்கிறபடி விட்டுவைக்கத் தெரியாது. ரமணாசிரமம் பக்கத்து விடுதி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் அறைகள் பதிவு செய்து கொடுக்கிறேன். நாளெல்லாம் கைக்குள் இருக்கும் மவுஸ் செத்த தவளை மாதிரி கறுப்பாகக் கிடந்தது பிடிக்கவில்லை. அதற்குள் விளக்கு வைப்பது என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்துவிட்டேன்.

திருகாணியைக் கழற்றி, மூடியின் பின்பக்கத்தை வட்டமாக வெட்டி, அந்த ஓட்டையில் தயிர் டப்பா மூடியிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை ஒட்டினேன். பல்புக்கு எங்கேயும் அலையவில்லை. கோயில் தெருக் கடைகளில் விற்கிற பேட்டரி அகல் விளக்கு இரண்டை உடைத்தேன். நிஜச் சுடர் போலவே ஆரஞ்சு நிறத்தில் துடிக்கிற பல்புகள். மவுஸ் ஒயரிலிருந்தே அவற்றுக்குக் கரண்ட் எடுத்து ஈயத்தால் பற்றவைத்தேன். ஈயம் உருக்கும் கோல் இரண்டு முறை விரலைச் சுட்டது.

என் கணவர் கோயிலில் பூஜை செய்பவர். வெளிப் பிரகாரத்தில் ஒரு சிறிய சன்னதி அவருடையது. ஒட்டி முடித்ததும் மவுஸை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஏன்னா, ஒரு பல்பு போதுமா, ரெண்டும் இருக்கட்டுமா?"

"எரியறதா என்ன?" என்றார்.

ஜன்னல் வெயிலில் கண் கூசுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாதத்தில் இப்படி எத்தனையோ நினைத்துக்கொண்டேன். கூட்டம் ஜாஸ்தி என்று சொல்லி வண்டியை விட்டுவிட்டு நடந்தே கோயிலுக்குப் போனார், நம்பினேன். விரல் நுனிகளில் புதுப்புதுக் கொப்புளங்கள் வந்தன. கற்பூரம் தெறித்தது என்றார், அதையும் நம்பினேன். ஊர் உலகத்தையெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறவள், வீட்டுக்குள் இருந்த மனிதரைக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்குக் கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டரும் மவுஸும் மட்டும் யு.பி.எஸ். பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் வீடு சின்னது. பூஜை அலமாரியும் கம்ப்யூட்டர் மேஜையும் ஒரே சுவரில் அடுத்தடுத்து இருக்கும். நான் திரி எடுக்க அடுக்களைக்குப் போயிருந்தேன். அலமாரி விளக்கை இன்னும் ஏற்றவில்லை.

திரும்பி வந்தபோது அவர் கோயிலுக்குக் கிளம்பக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு மேஜைக்கு முன்னால் நின்றிருந்தார். மவுஸின் மேல் இரண்டு கைகளையும் கவிழ்த்து, எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். மறுபடியும் கவிழ்த்தார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. "நன்னாயிருக்கு! இனிமே இதுக்கே அர்ச்சனை பண்ணிடலாம்!"

அவர் சிரிக்கவில்லை. கைகளை எடுக்கவும் இல்லை.

"சூடே இல்லையேடி," என்றார்.

திரி என் கையிலிருந்து விழுந்தது. இத்தனை நாளும் அவர் சுடரைப் பார்த்து வேலை செய்யவில்லை. சூட்டைத் தடவிப் பார்த்து, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டிருக்கிறார்.

"எவ்வளவு நாளா?"

"வெளிச்சம் இருக்கறது தெரியறது. அது என்னன்னு தெரியல." நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதே. தெரிஞ்சா என் பூஜை முறையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவா. எனக்கு வேற என்ன தெரியும்?"

"டாக்டர்கிட்ட நாளைக்கே போறோம்."

"இந்த மாச முறை முடியட்டும். சன்னதியில எனக்கு எல்லாம் அத்துப்படி. நாலு எட்டு, ஒரு படி. கண்ணே வேண்டாம்."

கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அப்புறம் நான் செய்த காரியத்துக்கு இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை: சரி என்று தலையாட்டினேன். ஆட்டியது அவருக்குத் தெரிந்திருக்காது என்பது பிறகுதான் உறைத்தது. வாயைத் திறந்து, "சரின்னா," என்றேன்.

மறுநாள் சாயங்காலம் மனசு கேட்காமல் கோயிலுக்குப் போனேன். அவர் சன்னதி முன்னால் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களோடு நானும் நின்றேன். உள்ளிருந்து கற்பூரத் தட்டோடு வந்தார். நாலு எட்டு, ஒரு படி. ஒரு தப்பு இல்லை. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு நேர்த்தியாக நடந்ததைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. எத்தனை நாள் தனியாகப் பழகியிருப்பார்!

ஒவ்வொருவராக நகர்ந்து என் முறை வந்தது. ஒரு முழத் தூரத்தில் நின்று, முகத்தை நிமிர்த்தி என்னை நேராகப் பார்த்தார். எல்லோரையும் பார்க்கிற அதே கனிவான பார்வை.

நான் சுடரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கையை நீட்டினேன். விபூதியை உள்ளங்கையில் வைத்தபடி கேட்டார்:

"எந்த ஊர்லேர்ந்து வரேள்மா?"