உறையின் மேல் ஒரு கையெழுத்து

என் குரல் கேட்டு அந்தக் கல்லூரியின் மூன்று மாடியும் கிடுகிடுத்தது. சரி, மூன்று மாடி இல்லை, ஒரு கண்ணாடித் தடுப்பு. அதுவும் ஏற்கெனவே திருகு கழன்று ஆடிக்கொண்டிருந்ததுதான். ஆனால் கோபத்தில் ஒரு துளியும் மிகையில்லை.

கோபம் எதிர்வீட்டுக்காரிக்காக. ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறவள், வயது முப்பத்தொன்று. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லாருக்கும் அவள் லிஃப்ட்டக்கா. எழுபதைத் தாண்டிய நோயாளிகள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பதினொரு வருஷமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஏழு மாடி ஏறி இறங்கியதில் நிலாவுக்குப் பாதி தூரம் போயிருப்பாள். அவளுடைய கணக்கு வாத்தியார் இதை மறுக்கிறார். மறுக்கட்டும்.

வேலை முடிந்து மாலைப் பள்ளிக்குப் போய், விட்ட படிப்பை அந்த வாத்தியாரிடம்தான் பிடித்தாள். பன்னிரண்டாவது தேறியதும், தத்துவம், கணக்கு, வரலாறு, நாடகம் எல்லாம் கலந்து படிக்கலாம் என்ற ஒரு கலைக் கல்லூரியின் இளங்கலை விண்ணப்பத்தோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"இந்த வயசுல எதுக்குடி தத்துவம்?" என்றேன், வாயைக் கிளற.

"பதினொரு வருஷமா எல்லார் பேச்சுலயும் பாதிதான்மா கேட்டிருக்கேன். சூடா பேசிட்டே வருவாங்க, நாலாவது மாடி வந்ததும் இறங்கிடுவாங்க. மீதியைக் கேக்கணும்."

விண்ணப்பம் பதினாறு பக்கம். 'பாடத்துக்கு வெளியே உங்கள் ஈடுபாடுகள்' என்று ஒரு பக்கம் முழுக்கக் கட்டம்.

"எனக்கு எல்லாமே பாடத்துக்கு வெளியதானேம்மா? கட்டம் பத்தாதே!" என்றாள்.

எல்லாம் எழுதியாயிற்று. பாக்கி, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். வாத்தியாரோ கால் முறிந்து அதே ஆஸ்பத்திரியில் ஐந்தாவது மாடியில் கிடந்தார். படுத்தபடியே எழுதி, உறையில் போட்டு ஒட்டி, "நானே தபால்ல போடணும்னு விதி. கால் இல்லையே, நீயே கீழே அஞ்சல் அறையில குடுத்துடு" என்றார்.

அங்கேதான் வினை. ஒட்டிய உறை எதுவாக இருந்தாலும், லிஃப்ட்டில் ஏறினால் லிஃப்ட் இயக்குகிறவர் ஒட்டுவாயின் குறுக்கே நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஆஸ்பத்திரி நடைமுறை அது. வழியில் யாராவது பிரித்தால் கையெழுத்து பிளந்து காட்டிக்கொடுக்கும். பதினொரு வருஷப் பழக்கம், கை தானாகப் போட்டுவிட்டது.

இரண்டு வாரத்தில் விண்ணப்பம் மொத்தமும் திரும்பி வந்தது. 'பரிந்துரை உறையில் விண்ணப்பதாரரின் கையெழுத்து. நம்பகமற்றது.' இவ்வளவுதான். பதினாறு பக்கத்தில் ஒன்றைக்கூட யாரும் புரட்டிய அடையாளம் இல்லை.

மறுநாளே கிளம்பினோம். சேர்க்கை அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் உறையைத் தொடவே இல்லை.

"நீங்க பிரிச்சுப் பாத்திருக்கீங்க."

"பிரிச்சிருந்தா கையெழுத்து ரெண்டாயிருக்கும் சார். பாருங்க, கோடு கோணாம இருக்கு. எங்ககிட்ட கையெழுத்து இல்லாத உறையைத்தான் சந்தேகப்படுவோம்."

"இது ஆஸ்பத்திரி இல்லம்மா."

பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள் தொலைபேசியில் பெருமையடித்துக்கொண்டிருந்தார். மகனின் சுயவிவரக் கட்டுரையை ஆலோசகர் ஒருவர் எழுதிக் கொடுத்தாராம், படித்தால் அழுகை வருமாம். வந்தது எனக்கு, அழுகை இல்லை.

"ஏன்யா, அடுத்தவன் எழுதின கட்டுரையில யார் கையெழுத்தும் இல்லை, அது சுத்தம். தன் கையால காவல் போட்டவ திருடியா?" கண்ணாடி ஆடியது இப்போதுதான்.

"அம்மா, சும்மா இருங்க" என்று என் முழங்கையை அழுத்திவிட்டு, லிஃப்ட்டக்கா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். லிஃப்ட் பதிவேட்டின் நகல். மூன்று மணி பத்து நிமிடம், ஐந்தாம் மாடி, ஒட்டிய உறை ஒன்று. மூன்று பதினான்கு, அஞ்சல் அறை, முத்திரையோடு.

"நாலு நிமிஷம் இருக்கே. படிச்சிருக்கலாம்" என்றார் அந்த மனிதர்.

"அடுத்த வரியையும் படிங்க சார். அந்த நாலு நிமிஷத்துல ஒரு ஸ்ட்ரெச்சர், ரெண்டு நர்ஸ், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். லிஃப்ட்ல நான் நின்ன இடம் ஒரு அடி. அதுல நான் கவர் பிரிச்சு, படிச்சு, திரும்ப ஒட்டினேனா?"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு பேராசிரியை வந்தார். உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒட்டுவாயை நகத்தால் தடவினார். பதிவேட்டுத் தாளை இரண்டு முறை படித்தார்.

"இவ்வளவு ஒழுங்கா ஆதாரம் கொண்டுவந்து யாரும் எங்கிட்ட வாதாடினதில்ல" என்றார். திரும்பி அந்த மனிதரிடம், "விண்ணப்பத்தை எடுத்துக்குங்க. இவங்க எழுதினதை ஒரு பக்கமாவது படிச்சீங்களா?" என்று கேட்டார். அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

ஆக, அடுத்த மாதம் தத்துவ வகுப்பில் முதல் வரிசை, முதல் நாற்காலி எங்கள் லிஃப்ட்டக்காவுடையது.

இந்த வரியை என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தவள் சொல்கிறாள்: "அம்மா, முதல்ல அதை அடிங்க. விண்ணப்பத்தை வாங்கிக்கிட்டாங்க, அவ்வளவுதான். கவரை இன்னும் பிரிக்கக்கூட இல்ல. யார் யாருக்கு இடம்ங்கற பட்டியல் இருபதாம் தேதிதான்."