கவ்வி விழுந்த சத்தம்

இப்போதெல்லாம் டாங்கி பார்க்க வருகிறவர்களுக்கு மரியாதை கிடையாது. பீரங்கிக் குழாயில் பிள்ளையைத் தொங்கவிட்டுப் போட்டோ எடுக்கிறான். வில்லிபால்ட் கிழவர் ஒருத்தர்தான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளி நிற்பார். தொடமாட்டார். இத்தனைக்கும் எங்கள் அருங்காட்சியகத்தில் நிற்கிற ஜெர்மன் பாந்தர் டாங்கியில் உட்கார்ந்து இரண்டாம் உலகப் போரில் சுட்டவர் அவர்.

நான் சொல்வது நடந்தது. நம்பாதவன் நம்பவேண்டாம். நானே நம்பவில்லை.

நவம்பர். பகல் வேளை. மழை. அருங்காட்சியக முற்றத்தில் அந்த டாங்கியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கியர்த் தண்டைப் பெட்ரோலால் துடைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் சொட்டுகிறதென்று தலைக்கு மேலிருந்த மூடியைச் சாத்தினேன். என் புத்தி அவ்வளவுதான்.

"உள்ளயே செத்துத் தொலையாத, லூட்கர். காபி ஆறிடும்," என்று சொல்லிவிட்டுக் கூட்டாளி ஓட்மார் கான்டீனுக்குப் போனான்.

முன்தகட்டில் ஒரு இரும்புக் கவ்வி உண்டு. வண்டி ஓடும்போது குழாய் ஆடாமல் அதுதான் பிடித்துக்கொள்ளும். வெளியே இறங்கித்தான் கழற்ற முடியும். அதன் முளையைக் காலையில் நானே கம்பி போட்டு முறுக்கியிருந்தேன்.

ணங்...

கவ்வி விழுந்த சத்தம்.

"ஓட்மார், விளையாடாத."

முதுகுக்குப் பின்னால் கர்... கர்... பீரங்கியைச் சுமக்கும் மேல்கூண்டு திரும்பியது.

மூடியைத் தள்ளினேன். இரண்டு விரல் அளவு எழும்பி முட்டியது. குழாய், மூடிக்கு மேலே வந்து நின்றுவிட்டது. பின்பக்கம் போகிற வழியையும் கூண்டோடு சேர்ந்து சுற்றும் தட்டி அடைத்துவிட்டது.

பெட்ரோல் நெடி. தொண்டை எரிந்தது. கத்தினேன். மழைச் சத்தம்தான் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். தட்டி இடுக்கில், சுடுகிறவர் இருக்கை. காலி. கூண்டைத் திருப்பும் கைச்சக்கரம் மட்டும் மெல்ல...

கர்... கர்...

மறுபக்கம் சுற்றியது.

"ஹார்ட்விக்... இப்ப வெளிய போ."

கிழட்டுக் குரல்.

மூடி திறந்தது.

வெளியே விழுந்து, எழுந்து பார்த்தேன். குழாய் நேராக, கவ்விக்குள். என் கம்பி முறுக்கு அவிழாமல் இருந்தது.

கான்டீனில் ஓட்மார் போனை வைத்துவிட்டு நின்றான். பேசியது வில்லிபால்டின் மகளாம்.

"கிழவர் இப்பத்தான் போயிட்டார். கடைசி வரைக்கும் 'ஹார்ட்விக், இப்ப வெளிய போ'ன்னே சொல்லிட்டிருந்தாராம்."

"யாரு ஹார்ட்விக்?"

"நம்ம டாங்கியோட ஓட்டுநர். போர்ல தீப்பிடிச்சப்ப கிழவர், மூடிக்கு மேல நின்ன குழாயைத் திருப்பாமலே குதிச்சிட்டார். அவனால மூடியைத் திறக்க முடியல."

உள்ளே நடந்ததை அவனிடம் சொன்னேன். நெடி தலைக்கேறியிருக்கும். சக்கரத்தில் பல் தேய்ந்திருக்கும். அவ்வளவுதான் என்றேன்.

"அப்ப போய் டாங்கிக்குள்ள விட்டுட்டு வந்த உன் ஸ்பேனரை எடுத்துட்டு வா."

மழை பெய்கிறது என்று சொன்னேன். சொல்லிவிட்டு அந்த மழையிலேயே வீட்டுக்கு நடந்தேன்.