இளையபெருமாள் திறக்காத பூட்டு

இளையபெருமாளைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவருடைய பொறுமையைத்தான் நான் திட்ட வேண்டும். காரைக்காலில் திருநள்ளாறு சாலையில் ஒரே கடையை நாங்கள் இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு பதினோரு வருடம் ஆகிறது. வாசல் பக்கத்துப் பாதி என்னுடையது. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ஆதார் திருத்தம் எல்லாம் நான் பார்க்கிறேன். உள்பக்கத்தில் அவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறார். நான் ஒரு நாளைக்கு நாற்பது பேரை அனுப்பி வைத்திருப்பேன். அவர் காலையில் எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாரோ அதன் முன்னாலேயே சாயங்காலமும் இருப்பார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். மனிதர் ஒரு வரி விடாமல் வாசித்துக்கொண்டிருப்பார்.

அவர் பக்கத்துப் பூவம் கிராமத்துக்காரர். அப்பா விவசாயக் கூலி. பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் எட்டு வருடம் சர்வர் பார்த்தார். கம்பெனியை மூடினார்கள், ஊருக்கு வந்துவிட்டார். கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், இப்போது வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. கடைக்கு வருகிற பழைய கம்ப்யூட்டரில் எல்லாம், இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுப்பார். எதற்கு அண்ணே இந்த வம்பு, எல்லாரும் வைத்திருப்பதையே போட்டுவிட்டுப் போங்களேன் என்று நான் கேட்காத நாள் இல்லை.

"என்ன கோளாறுன்னு இது மறைக்காம சொல்லிடும் அல்லி. நாமதான் படிக்கிறதில்ல" என்பார்.

சொன்னபடிதான் வேலையும் செய்வார். ஒரு பேக்கேஜை, அதாவது ஒரு சின்னப் புரோகிராமைப் போட்டால் அது இன்னொன்றைக் கேட்கும், அது மூன்றாவதைக் கேட்கும், அந்த மூன்றாவது ஏற்கெனவே இருக்கிற ஒன்றோடு சண்டை போடும். எங்கள் தெருவில் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி பிரிப்பதுபோல இருக்கும் அந்த விவகாரம். அவர் சலிக்க மாட்டார். ஒரு தடவை, பள்ளிக்கூட லேபில் அப்டேட் போட்ட பிறகு பிரிண்ட் எடுத்தால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. மூன்று நாள் தோண்டி, எந்தப் பேக்கேஜில் பிழை என்று கண்டுபிடித்து, அதைப் பராமரிப்பவருக்கு எழுதிப் போட்டார். எங்கிருந்தோ ஒருவர் நன்றி சொல்லி இரண்டு வரி பதில் போட்டிருந்தார். அந்த இரண்டு வரியை எனக்கு நாலு தடவை காட்டினார். பதினோரு வருடத்தில் ஒருத்தருடைய ஒரு ஃபோட்டோவைக்கூடத் தொலைத்ததில்லை என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கர்வம். அந்தக் கர்வம் இப்போது இல்லை. அது போன கதையைத்தான் சொல்கிறேன்.

போன வருடம் ஆவணியில் சித்திக்கா அக்கா ஒரு லேப்டாப்பைப் போர்த்தியிருந்த துப்பட்டிக்குள் அணைத்துப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். நிரவிப் பக்கம் வீடு. கணவர் குவைத்தில். மகன் தௌஹீத் இன்ஜினியரிங் மூன்றாவது வருடம் படிக்கும்போது, ஆறு மாதத்துக்கு முன்னால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் போய் லாரியில் அடிபட்டு இறந்துவிட்டான். அந்த விபத்து ஊருக்கே தெரியும். லேப்டாப் அவனுடையது. பாரீசில் இருக்கிற தாய்மாமன் அனுப்பியது. அதில் அவனே லினக்ஸ் போட்டு, முழு டிஸ்க்கையும் பாஸ்வேர்டால் பூட்டி வைத்திருந்தான். திறக்கும் வழியை அம்மாவுக்கும் பழக்கிக் கொடுத்திருந்தான்.

காரணம் இருந்தது. அவர்கள் வீடு பள்ளிவாசலிலிருந்து தள்ளி இருக்கிறது. மிக்ஸி ஓடினால் பாங்கு கேட்காது. அதனால் அம்மாவுக்கென்று சின்னதாக ஒன்று செய்து வைத்திருந்தான். ஐந்து வேளைத் தொழுகைக்கும் அந்தந்த நேரத்துக்கு லேப்டாப்பிலிருந்து அவன் குரல் கூப்பிடும். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பேச்சு. மத்தியானத்தில், "உம்மா, லுஹர் ஆயிடுச்சு, அடுப்ப நிறுத்திட்டு வாங்க." சாயங்காலத்தில், "உம்மா, அஸர். டீ அப்புறம் குடிக்கலாம்." அவன் போன பிறகும் ஆறு மாதமாக ஐந்து வேளையும் அவன் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"அப்டேட் பண்ணவான்னு கேட்டுச்சு தம்பி. எப்ப கேட்டாலும் சரின்னு குடுங்க உம்மான்னு சொல்லியிருந்தான். குடுத்தேன். பாதியில கரண்டு போயிடுச்சு. பேட்டரி செத்துக் கெடந்துச்சு போல, அணைஞ்சு போச்சு. இப்ப பாஸ்வேர்டு போட்டா தப்பு தப்புங்குது" என்றார்.

இளையபெருமாள் அவரையே அழுத்தச் சொன்னார். அக்கா ஒரு விரலால் தேடித் தேடி அழுத்தினார். திரையில் புள்ளி புள்ளியாக விழுந்தது. தப்பு என்றது. மூன்று தடவை அழுத்தினார், மூன்று தடவையும் தப்பு. அதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது. என் பக்கத்தில் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான்தான் ஒரு துண்டுத்தாளை நீட்டி, "அக்கா, பாஸ்வேர்டை இதுல எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க, அண்ணன் பார்த்துக்குவாங்க" என்று அனுப்பி வைத்தேன். ஆங்கிலத்தில் உம்மா என்று எழுதி, பக்கத்தில் 2003 என்று எழுதிக் கொடுத்தார். அது அவன் பிறந்த வருடம்.

இளையபெருமாள் நாலு நாள் மல்லுக்கட்டினார். பென் டிரைவிலிருந்து வேறு லினக்ஸை ஓட்டி, அதிலிருந்து பூட்டைத் திறக்கப் பார்த்தார். தன்னுடைய கீபோர்டைச் செருகி அழுத்தினார். தப்பு. அது பிரான்சிலிருந்து வந்த லேப்டாப், எழுத்துகள் இடம் மாறியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். கீபோர்டு செட்டிங்கைப் பிரெஞ்சுக்கு மாற்றி அதிலும் அழுத்திப் பார்த்தார். தப்பு. அக்காவே அழுத்தியும் திறக்கவில்லை, தான் அழுத்தியும் திறக்கவில்லை. கரண்டு போனபோது பூட்டின் தகவல் எழுதியிருக்கிற இடமே கெட்டுப்போயிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அப்படிக் கெட்டால் உலகத்தில் யாராலும் திறக்க முடியாதாம்.

ஐந்தாம் நாள் அக்கா வந்தார். மகள் பஹீமாவையும் கூட்டி வந்திருந்தார். அவளுக்குத் திங்கட்கிழமை காலேஜ் தொடங்குகிறது, லேப்டாப் வேண்டும். இளையபெருமாள் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். அவன் குரல் வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார். ஃபோன் விபத்தில் நொறுங்கிவிட்டது. வேறு எங்கும் இல்லை.

"இந்த மாடல்ல டிஸ்க்கைக் கழட்ட முடியாதுங்கக்கா, போர்டோடயே ஒட்டி வந்திருக்கு. ரெண்டு மூணு நாள் குடுங்க. திறக்கலைன்னாலும் பூட்டோட அப்படியே முழுசா ஒரு காப்பி எடுத்து வச்சுடுறேன். என்னைக்காவது வழி கிடைச்சாலும் கிடைக்கும்" என்றார் இளையபெருமாள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். எனக்கு எல்லாம் உடனே முடிய வேண்டும். மேசையில் பொருள் தேங்கினால் பிடிக்காது, மனிதர் தேங்கினாலும் பிடிக்காது. அந்த அக்காவைத் தேற்றுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன், சத்தியமாக.

"யாராலயும் திறக்க முடியாதுன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க. அப்புறம் அதை காப்பி எடுத்து வச்சு என்ன பண்ணப் போறீங்க? அக்கா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. இதையே கட்டிக்கிட்டு இருந்தா இருக்குற புள்ளய யாரு பாக்கிறது? அழிச்சுட்டுப் புதுசா போட்டுக்குடுக்கச் சொல்லுங்க. அவ படிக்கட்டும்."

அக்கா பஹீமாவைப் பார்த்தார். லேப்டாப்பின் மூடியில் இரண்டு தடவை கையை வைத்து எடுத்தார்.

"சரிங்க தம்பி. அழிச்சுடுங்க" என்றார்.

இளையபெருமாள் அன்றைக்குச் சாப்பிடப் போகவில்லை. கேட்டதற்கு, பசியில்லை என்றார். அழிக்கிற பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் இன்னொரு தடவை அந்தப் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தார். தப்பு என்றது. அழித்தார். சாயங்காலம் பஹீமா வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

எட்டு மாதம் போனது. இந்த வருடம் சித்திரையில் வைத்தியலிங்கம் ஐயா வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். அவரிடமும் பிரான்சில் வாங்கிய லேப்டாப், அதே லினக்ஸ். அப்டேட்டை நடுவில் அணைத்துவிட்டாராம். பாஸ்வேர்டு தப்பு தப்பு என்கிறதாம்.

இளையபெருமாள் முகம் மாறியது. பென் டிரைவைச் செருகினார், கீபோர்டைப் பிரெஞ்சுக்கு மாற்றினார். பாஸ்வேர்டு எழுதிக் கொடுங்கள் என்று தாளை எடுத்தார். சொல்தா சொல்தாதான்.

"பாஸ்வேர்ட எழுதிக் குடுக்குறதா? தள்ளுங்க தம்பி, நானே போடுறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். தடதடவென்று அழுத்தினார். முதல் தடவையிலேயே திறந்துகொண்டது.

"ஐயா, உங்க பாஸ்வேர்டுல நம்பர் இருக்கா?" என்றார் இளையபெருமாள்.

"இருக்கு. ரெஜிமென்ட்ல என் நம்பர்."

"நம்பருக்கு ஷிஃப்ட் அழுத்தலையே நீங்க?"

"ஷிஃப்ட்டா? அத யாரு அழுத்துறா? அங்க புள்ளி புள்ளியாத்தானே தெரியுது. முதல்ல வச்சப்பவும் அழுத்தல, இப்பவும் அழுத்தல. திறக்குதுல்ல?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இளையபெருமாள்தான் பிறகு சொன்னார். பிரெஞ்சு கீபோர்டில் மேல்வரிசையில் எண் வேண்டுமென்றால் ஷிஃப்டைச் சேர்த்து அழுத்த வேண்டும். சும்மா அழுத்தினால் தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துகளும் குறிகளும்தான் விழும். பாஸ்வேர்டு போடும்போது புள்ளிதான் தெரியும் என்பதால், தான் போட்டது எண்ணில்லை என்பது போட்டவருக்கே தெரியாது. தௌஹீதும் அப்படித்தான் வைத்திருக்கிறான், அம்மாவுக்கும் அப்படித்தான் பழக்கியிருக்கிறான். அவர்கள் இருவருக்கும் அது 2003. டிஸ்க்குக்கு அது வேறு. அரைகுறையாக நின்ற அப்டேட் செய்ததெல்லாம் ஒன்றுதான்: பூட்டு கேட்கிற திரையில் கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டது. அதனால் அக்கா அழுத்தியும் திறக்கவில்லை. இளையபெருமாள் பிரெஞ்சுக்கு மாற்றித்தான் பார்த்தார், ஆனால் விவரம் தெரிந்தவர் ஆயிற்றே, எண்ணுக்கு ஒழுங்காக ஷிஃப்டை அழுத்தினார். டிஸ்க்கில் ஒரு கோளாறும் இருந்திருக்கவில்லை. பிரெஞ்சுக்கு மாற்றிய அந்தப் பென் டிரைவ் திரையில் சித்திக்கா அக்காவை ஒரே ஒரு தடவை உட்காரவைத்து அழுத்தச் சொல்லியிருந்தால் திறந்திருக்கும். காப்பி எடுத்து வைத்திருந்தால் இன்றைக்காவது திறந்திருக்கும்.

அன்றைக்கு அக்காவை வீட்டுக்கு அனுப்பியது நான். காப்பி வேண்டாம் என்றதும் நான்.

அந்தப் பிழையைப் பற்றி இளையபெருமாள் லினக்ஸ்காரர்களுடைய இணையப் பக்கத்தில் எழுதிப் போட்டார். அடுத்த பதிப்பில் ஏற்கெனவே சரிசெய்துவிட்டோம் என்று பதில் வந்தது. மூன்றாம் நாள் காலையில், "அந்த அக்காகிட்ட சொல்லணும் அல்லி" என்றார்.

"சொல்லி என்னண்ணே ஆவப்போவுது? ஆறின புண்ணைப் போய் கிளறுவாங்களா?"

"கெட்டுப்போச்சுன்னு நான் சொன்னது பொய்யாயிடுச்சே. அந்தப் பொய்யை அவங்க வீட்ல வச்சுட்டு நான் எப்படிக் கடை நடத்துறது?"

பெண்கள் மட்டும் இருக்கிற வீடு என்பதால் என்னையும் வரச் சொன்னார். என் ஸ்கூட்டியில்தான் போனோம். அக்கா எங்களைக் கண்டதும் சந்தோஷப்பட்டார். டீ போட்டுக் கொடுத்தார். பஹீமா முதல் செமஸ்டரில் நல்ல மார்க் என்றார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அண்ணே, வேண்டாம், டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்று நான் கண்ணால் சாடை காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஷிஃப்ட் விஷயத்தை எல்லாம் விவரமாகச் சொன்னார். ஒரு வார்த்தை மழுப்பவில்லை. அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கீபோர்டு விவரம் அவருக்கு விளங்கியிருக்காது. விளங்க வேண்டியது விளங்கிவிட்டது.

"அப்ப அன்னைக்கு அவன் உள்ளதான் இருந்தானா தம்பி?"

"இருந்தாங்கக்கா."

"நல்லாத்தான் இருந்தானா?"

"ஒண்ணும் ஆவலைங்கக்கா. முழுசா இருந்துச்சு."

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"அழிச்சுடுங்கன்னு நாந்தானே சொன்னேன்" என்றார். "உம்மா வாயாலதான் சொல்லிட்டேன்."

"அய்யோ, நீங்க இல்லக்கா. தப்பு என்னோடது. முழுக்க என்னோடது" என்று இளையபெருமாள் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். நாற்பத்தொரு வயது மனிதர், தேம்பி அழுதார். அக்கா காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. நாந்தானே சொன்னேன் என்று தனக்குள்ளேயே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார்.

இல்லை அக்கா, உங்களை அப்படிச் சொல்ல வைத்தவள் நான் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். நாள் முழுக்க ஓயாமல் பேசுகிற வாய் இது. அன்றைக்குக் கையிலிருந்த டீயை மெல்ல மெல்லக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, போய்வருகிறோம் அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.