துப்பாக்கி மனப்பாடம்

எழுபதுகளின் நடுவில், மொன்றியலில் இன்ஜினியராகக் காலம் தள்ளிக்கொண்டிருந்த என் போன்றவர்களுக்குப் புதிதாக ஒரு தலைவலி வந்து சேர்ந்தது. பிரெஞ்சு தெரியும் என்று பரீட்சை எழுதிக் காட்டினால்தான் தொழில் உரிமம் நிலைக்கும். இல்லாவிட்டால் கையிலிருக்கும் தற்காலிக உரிமம் காலாவதியாகும் அன்றே வரைபடங்களில் கையெழுத்துப் போடும் தகுதி போய்விடும். எழுத்துப் பரீட்சையைத் தட்டுத்தடுமாறித் தாண்டிவிட்டேன். வாய்மொழித் தேர்வில் தோற்றேன். மறுபடியும் தோற்றால் என் மேசையில் வேறொருவர் உட்காருவார் என்பதை மேலாளர் மிகவும் மரியாதையாக, காபி வாங்கிக் கொடுத்துச் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது.

நாற்பதைத் தாண்டியவனுக்கு மூன்றாவதாக ஒரு மொழி உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. பகலெல்லாம் தொழிற்சாலை, சாயங்காலம் பிரெஞ்சு வகுப்பு, அதன்பின் பஸ்ஸுக்குக் காத்திருத்தல். வகுப்பில் பாதி நேரம் நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன் என்று சொன்னால் மிகையில்லை. கடைசியில் நம்மவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்துக்குத் திரும்பினேன். அதுதான் மனப்பாடம். வாய்ப்பாட்டிலிருந்து தெர்மோடைனமிக்ஸ் வரை உருப்போட்டே கரையேறியவன் நான். பிரெஞ்சு மட்டும் என்ன கொம்பு முளைத்ததா?

தேர்வில் முதலில் நம் தொழில் சம்பந்தமாக ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு வேலை இயந்திர உதிரிப்பாகங்களை அளந்து பார்ப்பது. அதற்கு கோ-நோகோ கேஜ் என்று ஒரு கருவி உண்டு. துளை சரியாக இருந்தால் அதன் ஒரு முனை நுழையும், மறுமுனை நுழையாது. இந்த முறை நன்றாக வளர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க அரசுத் துப்பாக்கிச் சாலைகளில் என்று கல்லூரியில் படித்திருந்தேன். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் அபார்ட்மெண்டுக்குப் பக்கத்து நூலகத்தில், பிரெஞ்சு அலமாரியில், அமெரிக்க ராணுவத் துப்பாக்கிகளைப் பற்றித் தடியாக ஒரு படப்புத்தகம் கிடைத்தது. விஷயம் முன்பே தெரிந்ததால் வார்த்தைகள் ஓரளவு தாமாகவே புரிந்தன. வேறு எந்தப் பிரெஞ்சுப் புத்தகமும் எனக்கு அந்த உபகாரத்தைச் செய்ததில்லை.

அதிலிருந்து ஒரு உரையைத் தயாரித்தேன். அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிக்கிமுக்கிக் கல்லில் பொறி கிளப்பிச் சுடுகிற துப்பாக்கி. மழை பெய்தால் அது வெறும் தடி. பிறகு தீபாவளிக்குக் குழந்தைகள் வெடிக்கும் பொட்டுக் கேப் போல, சுத்தியல் தட்டினால் வெடிக்கும் சிறிய செம்புத் தொப்பி. பிறகு குழாயின் உட்புறம் சுருள் பள்ளம் வெட்டி, குண்டு சுழன்று நேராகப் போகும்படி செய்தது. அதற்குத் தோதாக அடிப்பாகம் குடைந்த குண்டை யோசித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். தேர்வாளருக்கு ஐஸ் வைக்கலாம் என்று அந்த இடத்தை மட்டும் இரண்டு வரி நீட்டினேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, மலைபோல் மிஞ்சிய பழைய துப்பாக்கிகளைத் தூக்கி எறிய மனமில்லாமல், பின்புறத்தை வெட்டி ஒரு மூடி வைத்து, அந்த வழியாகத் தோட்டா போடும்படி மாற்றியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனாலும் உரையைப் போரோடு முடித்துக்கொண்டேன். அதற்கு மேல் மூளையில் இடமில்லை.

மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை முடிந்து வரும் என் மனைவிதான் பாடம் ஒப்புவிக்கும்போது காகிதத்தைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ஜூரும் மெர்சியும்தான். அதனால் முழு உரையையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டே மறுகை விரலை வரிமேல் ஓட்டுவாள்.

"ஒரு வரிய முழுங்கிட்டீங்க. மறுபடி மொதல்லேர்ந்து சொல்லுங்க."

"முதல்லேர்ந்தா? விட்ட எடத்துலேர்ந்து சொல்றேனே."

"அப்புறம் அங்க போய் முழிப்பீங்க. ஏங்க, உலகத்துல பேசறதுக்கு வேற விஷயமே கெடைக்கலையா? அஞ்சாறு வருஷம் முன்னாடிதான் மந்திரியக் கடத்திட்டாங்கன்னு இங்க தெருவெல்லாம் பட்டாளம் நின்னுது. நீங்க போய் துப்பாக்கி துப்பாக்கின்னா போலீசக் கூப்பிட்டுறப் போறாங்க."

நான் சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பில்லை. முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

தேர்வு நாளன்று தெருவெல்லாம் உருகிய பனிச்சேறு. பஸ், மெட்ரோ, பிறகு நடை என்று போய்ச் சேர்ந்தபோது பூட்ஸுக்குள் காலுறை நனைந்திருந்தது. தேர்வு அறையிலிருந்து யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"அண்ணை தமிழோ?"

"ஆமாங்க."

"பாடமாக்கிக்கொண்டுதானே வந்தனீங்கள்? நானும் அப்பிடித்தான். நல்லாத்தான் சொல்லிக்கொண்டு போனன். அந்த மனிசி இடையில மறிச்சு வேற ஏதோ கேட்டிட்டுது. எல்லாம் மறந்துபோட்டுது. பாத்துக் கதையுங்கோ."

மறித்துக் கேட்டால் என்ன செய்வது என்று நானும் என் மனைவியும் யோசிக்கவே இல்லை. எங்கள் பள்ளிகளில் ஒப்புவிக்கிறவனை யாரும் மறித்ததில்லை.

தேர்வாளர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய பெண்மணி. ஜலதோஷம் பிடித்திருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆரம்பியுங்கள் என்று கையைக் காட்டினார். நான் ஆரம்பித்தேன். சிக்கிமுக்கி போயிற்று, செம்புத் தொப்பி போயிற்று. பிரெஞ்சுக் குண்டின் இடத்தில் அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கேஜ் வந்தது: ஒரே அளவாகச் செய்ததால் ஒரு துப்பாக்கியின் ஆணி இன்னொன்றிலும் சரியாக ஏறியது. பிறகு, நான் மிகவும் பெருமைப்பட்டுச் சேர்த்திருந்த கடைசிப் பகுதி. சிப்பாய் ஒவ்வொரு முறையும் காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து இறக்கி, தொப்பியைப் பொருத்தி, பிறகுதான் சுட வேண்டும். போர் முடிந்த வயல்களில் பொறுக்கிய துப்பாக்கிகள் பலவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு, மூன்று, அதற்கும் மேல் குண்டுகள் இருந்தன. அவை வெடிக்கவே இல்லை. பயிற்சியில் பழகிய கை இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அங்கே அவர் கையை உயர்த்தினார்.

"வெடிக்கவில்லை என்பது அவனுக்கு ஏன் தெரியவில்லை?"

அடுத்த வரியைத் தேடினேன். என் காகிதத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. சுவரில் வெப்பக்குழாய் கடகடத்தது. டாக்டரின் முகம் நினைவுக்கு வந்தது. போயிற்று, வேலை போயிற்று, இனி மேலாளர் இன்னொரு காபி வாங்கித் தருவார் என்று நினைத்தேன். அப்புறம் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"ஃபத்திகே." களைத்திருந்தான்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும்தான்" என்றேன். அதோடு நிற்கவில்லை. வினைச்சொல் ஒரு பக்கம், காலம் ஒரு பக்கமாக, உடைந்த பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே போனேன். நானும் தினமும் இடித்து இறக்குகிறேன், ஒன்றும் வெளியே வருவதில்லை. சிறு வயதில் வேறொருவர் மொழியில் பரீட்சை எழுதினேன், அது இங்கிலீஷ். இப்போது இன்னொன்று. பஸ்ஸில் தூங்கிப் போகிறேன். வீட்டுக்கு வந்தால் பேச வார்த்தை இருப்பதில்லை. நான் கெட்டிக்காரன் என்று ஊரில் சொல்வார்கள், இங்கே என்னை யாருக்கும் தெரியாது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

அவர் குறுக்கே பேசவில்லை. நான் பேசி முடித்த பிறகு ஃபைலை மூடினார். "துப்பாக்கிக்கு நான் மதிப்பெண் எதுவும் தர மாட்டேன். அதை நீங்கள் பேசவில்லை, ஒப்பித்தீர்கள். அதற்குப் பிறகு பேசினீர்களே, அது போதும். தேர்ச்சி" என்றார். எழுந்து கை கொடுத்தார். அவர் கை சூடாக இருந்தது. ஜுரம் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி சாமி படத்தின் முன் போய் நின்று கும்பிட்டாள். பிறகு தட்டுகளை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். "துப்பாக்கி முழுசாச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று நடந்ததைச் சொன்னேன். அந்த உடைந்த வாக்கியங்களைத் தமிழில் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"இத்தன வருஷத்துல எங்கிட்ட இதுல ஒண்ணு கூடச் சொன்னதில்லையே?"

நான் என் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டேன்.

"போகட்டும். அந்தம்மாவாவது உங்களக் கேட்டாங்க" என்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டே, கோபமில்லாத குரலில், "என்னை யாரு கேக்கறாங்க?" என்றாள்.

நான் கேட்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள். குழம்பு ஆறிப்போயிற்று, அவள் நிறுத்தவில்லை.