நான் செய்யாத போன்

அன்று நான் போன் செய்யவில்லை. செய்துவிட்டதாகச் சொன்னேன். ஒரு வருடத்துக்கு மேலாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம்தான் முதன்முறையாக உண்மையைச் சொல்கிறேன்.

கம்மாபுரம் பக்கத்தில் ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். பிரசவத்தில் ஆபத்து தெரிந்தால், தாயை ஆம்புலன்ஸில் ஏற்றி நெய்வேலிப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். அனுப்பும்போதே அங்கே போன் செய்து சொல்லிவிட வேண்டும். அது என் பொறுப்பு.

சத்யாவுக்கு எட்டாம் மாதம், இரட்டைக் குழந்தை. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. அவள் கணவன் வேலு சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஷிப்டிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தான். ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்தபடி கேட்டான்.

"சிஸ்டர், அங்க சொல்லிட்டீங்களா? தலைவலி தாங்காம துடிச்சிகினு கெடக்குதுங்க."

"சொல்லிட்டேன், கெளம்புங்க."

சொல்லவில்லை. அந்த நிமிடம்தான் என் செல்போனில் மகளின் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்திருந்தது. நினைத்ததைவிட நல்ல மார்க்! வண்டி கிளம்பியதும் ஆஸ்பத்திரியைக் கூப்பிடலாம் என்றிருந்தேன்... அதற்குள் அக்கா கூப்பிட்டாள். பிறகு நாத்தனார். சிரித்துச் சிரித்துப் பேசினேன். அந்தப் பூரிப்பில் சத்யாவை மறந்தேன்.

மறந்தது குற்றமா? குற்றம்தான். ஆனால் அதைவிடப் பெரியது பின்னால் வருகிறது.

அங்கே எதுவும் தயாராக இல்லை. சத்யா அரை மணி நேரம் வராந்தாவில் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தாள். வலிப்பு வந்துவிட்டது. அவசரமாக ஆபரேஷன் செய்து இரண்டு பெண் குழந்தைகளை எடுத்தார்கள். சின்னவள் மூன்று வாரம் இன்குபேட்டரில் இருந்தாள்.

பிழைத்தார்கள். மூவருமே பிழைத்தார்கள்!

விசாரணையில், "லேண்ட்லைனில் சொன்னேன், யாரோ எடுத்தார்கள்" என்றேன். அன்று அங்கே போன் எடுக்கும் டியூட்டியில் இருந்த நர்ஸ் ரோஸ்லின். மெமோ அவளுக்குப் போனது.

பயத்தில்தான் நான் ஒரு யோசனை சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரியில் போனை எடுத்தவர் பெயரைச் சீட்டில் எழுதி டிரைவர் கையில் கொடுத்த பிறகே வண்டி நகர வேண்டும். என்மேலேயே எனக்கு நம்பிக்கை போனதால் பிறந்த யோசனை அது. ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது வண்டி போய் நிற்கும்போது டாக்டர் வாசலுக்கே வந்து நிற்கிறார். குழந்தைக்கு வெதுவெதுப்பான படுக்கை காத்திருக்கிறது. போன மாதம் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்ணை அனுப்பினோம். அவளுடைய குழந்தை அழுவதை ரோஸ்லின் போனிலேயே எனக்குக் கேட்க வைத்தாள். நாங்கள் இருவரும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகச் சிரித்தோம். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சென்ற ஞாயிறு சத்யாவின் குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாள். வீடு நிறையப் பலூன். வாசலில் பிரியாணி அண்டா. சத்யா சின்னவளை என் மடியில் வைத்தாள்.

"இது உங்க புள்ள சிஸ்டர். நீங்க அன்னைக்கு அனுப்பலன்னா இது ஏது?"

குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கிக் கடித்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். விருந்துக்கு வந்திருந்த ரோஸ்லின், பக்கத்தில் பெரியவளைத் தோளில் போட்டபடி மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, அன்னைக்கு போன் வந்திருக்கும் போல. நான்தான் எடுத்துட்டு மறந்துட்டேனோன்னு தோணுது. இதுங்களத் தூக்கும்போதெல்லாம் மனசு குத்துது."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது... வாய் திறந்தேன்.

"விடு ரோஸ்லின். அதான் ரெண்டும் நல்லா இருக்குதுங்களே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா" என்றாள்.

அதையும் வாங்கிக்கொண்டேன்.