வேட்டிக்கு அந்தப் பக்கம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் வழக்கமாக உட்காரும் கடையில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும். "விசாரணை நடைபெற்று வருகிறது" என்று செய்தி வாசிப்பவர் முடிப்பதற்குள் எங்கள் மேசையில் யாராவது ஆரம்பித்துவிடுவார்.

"கமிட்டி போட்டாச்சா? அப்ப பால் ஊத்திரலாம்லா."

"பாஸ், அந்த ரிப்போட்டுக்கும் ஒரு தே தாரேக் குடு. குடிச்சிட்டு நல்லா தூங்கட்டும்."

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவன் நான். எதையும் நம்பாமல் இருப்பதை நல்ல சட்டை போட்டுக்கொள்வது போலப் போட்டுக்கொண்டு திரிந்தேன். அது என் மேல் கச்சிதமாகத்தான் இருந்தது, சின்னம்மா மகன் போலீஸ் லாக்காப்பில் செத்துப்போகும் வரைக்கும்.

ஏதோ அடிதடி கேஸ் என்று கூட்டிப் போனார்கள். இதயம் நின்றுவிட்டது என்று திருப்பிக் கொடுத்தார்கள். "நின்னாத்தானேலா சாவான், இத சொல்ல ஒரு டாக்டரா?" என்று கிள்ளானில் சின்னம்மா வீட்டு வாசலில், கூடாரத்தின் கீழ் யாரோ சொன்னார்கள். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். சாவு வீட்டில்கூட அந்தச் சிரிப்பு எங்களை விட்டுப் போகவில்லை.

அவனுடைய அக்கா, எனக்குத் தங்கை முறை, தலைமாட்டில் நின்று நெற்றியில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தாள். பெண்களின் பங்கு அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆம்பிளைகள் குளிப்பாட்ட வேண்டும். சுற்றி மறைப்புப் பிடிக்க இரண்டு வேட்டிகளைப் பிரித்தார்கள். ஒன்றின் முனைகளை என் கையில் கொடுத்தார்கள். வெளியே பார்த்துத்தான் நிற்க வேண்டும். நான் உள்ளே பார்த்தேன்.

மாமா செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். பங்காளிகள் இருவர் உடம்பைப் புரட்டிப் பிடித்தார்கள். அறுத்துத் தைத்த தையல் முன்பக்கம் இருந்தது. அதை எதிர்பார்த்திருந்தோம். முதுகை எதிர்பார்க்கவில்லை. இரண்டு பாதங்களையும் எதிர்பார்க்கவில்லை. பழுத்த கத்தரிக்காயின் நிறத்தில் கோடு கோடாக, ஒன்றின் மேல் ஒன்றாக. சீயக்காய் நுரை அவற்றின் மேல் வழிந்து போனது, கோடுகள் போகவில்லை. மாமாவின் கை செம்போடு அப்படியே நின்றது. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஊற்றினார், வேகமாக, தண்ணீரால் அழித்துவிட முடியும் என்பது போல.

புதுத்துணி போர்த்தினோம். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. முகம் சுத்தமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில், விஷயம் கேள்விப்பட்டுத் தங்கைக்கு ஒரு வக்கீல் போன் செய்தார். எரிக்காதீர்கள், வேறு டாக்டரை வைத்து இன்னொரு பரிசோதனை கேட்கலாம் என்றாராம். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

"மாமா, ஒரு நாளு வெச்சிருக்கலாமா?"

"மறுபடி அறுக்கணுமாம்மா? புள்ள உடம்பு என்ன மார்க்கெட்டு மீனா? எத்தன டாக்டர் பாத்தாலும் அவங்க எழுதுறதத்தான் எழுதுவாங்க. இருட்டுறதுக்குள்ள எடுத்துருவோம்."

அவள் என்னைப் பார்த்தாள். குடும்பத்தில் புத்தகம் எழுதுகிறவன் நான். வார்த்தை என்னிடம் இருக்கும் என்று நினைத்தாள். இருந்தது.

"அவன நிம்மதியா அனுப்பிருவோம்மா," என்றேன்.

அழகாகத்தான் சொன்னேன். அவள் போனை அணைத்தாள். சாயங்காலம் மின்சுடலையின் கதவு மூடியது. எந்த அதிகாரியும் வந்து எங்களை அவசரப்படுத்தவில்லை. நாங்களே தூக்கிப் போனோம், நாங்களே கற்பூரம் வைத்தோம்.

மரண விசாரணை தொடங்கியபோது நான்தான் அவளைக் காரில் கூட்டிப் போய் வந்தேன். அந்த வக்கீல் சின்னப் பெண். நீதிமன்ற வராந்தாவில் எங்களை நிறுத்திக் கேட்டாள்:

"அங்கிள், பாடி இல்ல. அவங்க ரிப்போட்டு மட்டும்தான் இருக்கு. வீட்டுல குளிப்பாட்டுனீங்கள்ல? யாராச்சும் ஏதாச்சும் பாத்தீங்களா?"

பஸ்ஸில் வந்திருந்த மாமா முந்திக்கொண்டார். "எனக்குக் கண்ணுல பொரைம்மா. ஒண்ணும் தெரியல." பங்காளிகள் வரவே இல்லை. நான் சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ப் பெஞ்சில் முன்பின் தெரியாத ஒருவர் தங்கையிடம் ஆறுதலாக, "விடுங்கக்கா, எப்படியும் ஒண்ணும் வராது," என்றார். என் வாசகத்தை அந்நியன் வாயில் கேட்டேன். கூசியது.

திரும்பும்போது ஃபெடரல் ஹைவேயில் நல்ல மழை. வண்டிகள் நகரவில்லை. வைப்பர் துடைக்கத் துடைக்கக் கண்ணாடி மறைத்தது. அவளிடம் முதுகைச் சொன்னேன். பாதங்களைச் சொன்னேன். கத்தரிக்காய் நிறத்தைச் சொல்லவில்லை. அந்த உவமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அவள் அழவில்லை.

"மறைப்பு யாரு புடிச்சா?"

"நான்தான்."

"நான் அந்தப் பக்கம் நின்னேன்ணே. ஒங்க முதுக பாத்துக்கிட்டு. கையெட்டுற தூரம்." பிறகு சொன்னாள், "லோயரும் எரிக்காதீங்கன்னுதான சொன்னாங்க. நான் ஒங்களத்தான பாத்தேன்."

முன்னால் லோரியின் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. அவளே வக்கீலுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் பக்கம் நீட்டினாள்.

"சொல்லுங்க."

சொன்னேன். பிறகு வக்கீல் கேட்டாள், "கோர்ட்டுல இத சொல்லுவீங்களா, அங்கிள்?"

"சொல்றேன்மா."

"அன்னைக்கே ஏன் சொல்லலன்னு மொதல்ல கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

சொன்னால் மட்டும் யார் நம்பப் போகிறார்கள் என்று நினைத்தேன் என்பதுதான் பதில். கடையில் எத்தனையோ முறை சிரித்துக்கொண்டே சொன்னதுதான். காருக்குள் அதை இரண்டு தடவை ஆரம்பித்தேன், முடிக்க வரவில்லை. தங்கை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். போனை மட்டும் நீட்டியபடியே வைத்திருந்தாள்.