மில்லு மாமா அரைச்சிருவாரு

என் குரல் பெருசு. அதுக்கு நான் என்ன செய்யட்டும்? முப்பது வருசமா மாவு மில்லு ஓட்டுறேன். மோட்டார் சத்தத்துக்கு மேல "அரிசியை நல்லா காய வச்சீங்களா தாயி"ன்னு ஒரு வார்த்தை கேக்கணும்னா கத்தித்தான் ஆகணும். கத்திக் கத்தி, வீட்டுல உக்காந்து கொஞ்சம் ரசம் ஊத்துன்னு சொன்னாலே பக்கத்து வீட்டுக்காரங்க என்ன சண்டைன்னு எட்டிப் பாக்குறாங்க. அது போக மீசை, மீசை மேல மாவு. மொளகா வத்தல் அரைக்கிற அன்னிக்கு மூக்கைச் சுத்தித் துண்டு, நெடியில செவந்த கண்ணு. கண்ணாடியில பாத்தா எனக்கே கொஞ்சம் பக்குன்னுதான் இருக்கும்.

அன்னவாசல் போற ரோட்டுல, எங்க ஊர் பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல மில்லு. பொம்பளைங்க ஒரு கையில தூக்குச்சட்டி, ஒரு கையில பிள்ளைன்னுதான் வருவாங்க. அரைச்சு முடியிற வரைக்கும் பிள்ளை சும்மா நிக்குமா? மூட்டை மேல ஏறும், தராசுல உக்காரும், மாவை அள்ளி அடுத்த பிள்ளை தலையில கொட்டும். உடனே தாய்க்காரி என்னையக் கை காட்டுவா. "சும்மா இருக்கியா இல்லையா? மில்லு மாமாகிட்ட புடிச்சுக் குடுத்துருவேன். மெஷின்ல போட்டு அரைச்சிருவாரு!" நானும் கண்ணை உருட்டி, "இங்கிட்டு குடு, நல்லா வெள்ளையா வரும்"பேன். கடையே சிரிக்கும். பிள்ளை கப்சிப்னு ஆயிரும்.

சோறு திங்காத பிள்ளைக்கும் நான்தான் மருந்து. "ரெண்டு வாய் வாங்கிக்க, இல்ல மில்லு மாமா வாராரு பாரு"ன்னு எத்தனை வீட்டுல என்னையக் காட்டி ஊட்டியிருப்பாங்கன்னு எனக்கே தெரியாது. எனக்கு அதுல ஒரு பெருமை இருந்துச்சு, மறைக்கலை. ஊரே நம்மளை நம்பிப் பிள்ளை வளக்குதேன்னு ஒரு நெனைப்பு.

மில்லுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு பொண்ணு குடியிருக்கு. புருசன் சிங்கப்பூர்ல வேலை. என்னைய அண்ணேன்னு கூப்பிடும். அதோட மக ஒண்ணாங்கிளாஸ். வாலுன்னா அப்படி ஒரு வாலு. ஆடாத இடத்துல ஆடும், தொடாதேங்கிறதைத்தான் மொதல்ல தொடும். ஆனா பேச ஆரம்பிச்சா கேட்டுக்கிட்டே இருக்கலாம். "மாமா, மாவு ஏன் சூடா இருக்கு? அதுக்குக் காய்ச்சலா?"ன்னு கேட்ட ஆளு அது.

போன பொங்கலுக்கு முந்தி ஒரு நாள். மோட்டார் பெல்ட்டு லூசாயிருச்சுன்னு, அதுக்கு மேல போட்டிருக்கிற இரும்புக் கூண்டைக் கழட்டி, இறுக்கிட்டு, கூட்டம் வந்துட்டதால திருப்பி மாட்டாம சுவத்துல சாத்தி வச்சிருந்தேன். அப்புறம் மாட்டிக்கலாம்னுதான். தாய் மல்லியை அளந்துக்கிட்டு இருக்கு. திரும்பிப் பாக்குறேன், இந்தப் பாப்பா ஒரு ஈக்குமாத்துக் குச்சியை எடுத்துக்கிட்டு ஓடுற பெல்ட்டுகிட்ட நீட்டிக்கிட்டு நிக்குது. ஒரு சாண் தள்ளி அதோட பாவாடை நுனி.

ஒரே தாவு. கையைப் பிடிச்சு இழுத்து வாசலுக்குக் கொண்டாந்து நிறுத்திட்டேன். அதோட முடிஞ்சுது. ஆபத்துன்னு ஒண்ணும் இல்லை. வெயில்ல நிக்குது, கையில குச்சி அப்படியே இருக்கு. அதுக்கப்புறம்தான் அடிச்சேன். முதுகுல ஒண்ணு, தொடையில ஒண்ணு. மூட்டை தூக்குற கை இது. அஞ்சு விரலும் பதிஞ்சிருச்சு.

தாய் ஓடி வந்துச்சு. சண்டைக்கு வரும்னு நெனைச்சேன். "நல்லா போடுங்கண்ணே, அப்பதான் பயம் இருக்கும்"னுச்சு. சாயங்காலம் சிங்கப்பூர்லருந்து வீடியோ கால். அந்தப் பொண்ணுக்கு நான் அண்ணன்னா அவருக்கு மச்சான் முறை. "மச்சான், கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க, நான் கேக்க மாட்டேன்"னு சிரிக்கிறாரு. நானும் சிரிச்சேன். ஆனா பாப்பா அந்த போனுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு என் கையையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

அன்னிக்குக் கடை காலியானதும் கூண்டை எடுத்து மாட்டினேன். போல்ட்டை முறுக்கும்போதுதான் உறைச்சுது. கழட்டுனவன் நான், அடி வாங்குனது அவ. இழுத்த கைக்கு ஒரு நியாயம் இருக்கு. அடிச்ச கைக்கு என்ன இருக்கு? என் பயத்தையும் என் தப்பையும் அந்தச் சின்ன முதுகுல இறக்கி வச்சேன், அவ்வளவுதான்.

இன்னொண்ணும் இருக்கு. கோயம்புத்தூர்ல என் மக வீட்டுல பேரனை நான் அதட்டக்கூட முடியாது. "அப்பா, பிள்ளைகிட்ட மெதுவா பேசுங்க"ன்னு மக சொல்லிட்டா, நானும் வாயைப் பொத்திக்கிட்டேன். எங்க ஊர்ல காரு வச்சிருக்கிற வீட்டுப் பிள்ளை பெல்ட்டுல கை வச்சா, "தம்பி, தள்ளி நில்லுய்யா"ன்னு சொல்லியிருப்பேன். இந்தப் பாப்பாவோட அப்பன் ஊர்ல இருந்து, வாசல்ல நின்னிருந்தா கை ஓங்கியிருப்பேனான்னு கேட்டுப் பாத்தேன். மாட்டேன். என் முகத்துலயே காறித் துப்பணும் போல இருந்துச்சு. ஆனாலும் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லிக்கலை. ஊரே சரிங்குதே, நாம ஏன் போட்டு உழப்பணும்னு விட்டுட்டேன்.

ஆடி மாசம் அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. "அண்ணே, புதுக்கோட்டையில ஆஸ்பத்திரியில இருக்கேன், பஸ்ஸு கிடைக்கலை. பாப்பா நாலு மணிக்கு ஸ்கூல் வேன்ல வந்து எறங்கும். நான் வார வரைக்கும் மில்லுல உக்கார வைங்கண்ணே." அதுக்கென்னன்னேன். அன்னிக்குப் பாத்து வத்தல் நாளு. வேன் வந்து பாப்பாவை எறக்கி விட்டுட்டுப் போயிருச்சு. நான் மூக்குத் துண்டோட, செவந்த கண்ணோட வாசலுக்கு வந்து கூப்பிட்டேன். எப்பவும் போல கத்தித்தான்.

"ஏ பாப்பா, இங்கிட்டு வா! ஒங்கம்மா இல்லை! ஒன்னைய என்கிட்டதான் விடச் சொல்லியிருக்கா!"

பாப்பா என்னையப் பாத்துச்சு. மறு நிமிசம் ரோட்டுல குறுக்க ஓடிருச்சு.

ஒரு மினி லாரி. பிரேக் அடிச்ச சத்தம் இன்னமும் என் காதுல இருக்கு. டிரைவர் எறங்கி என்னைய வாய்க்கு வந்தபடி திட்டுனான். திட்டட்டும். எதிர்ப் பக்கம் பஸ் ஸ்டாப்பு பெஞ்சுக்குப் பின்னாடி பாப்பா குத்த வச்சிருந்துச்சு. யூனிபாரம் நனைஞ்சு போயிருந்துச்சு. நான் ஒரு எட்டு வச்சா அது ரெண்டு எட்டு பின்னாடி நகருது.

"பாப்பா, மாமாடி"ன்னேன்.

அது பையைப் பிரிச்சுது. டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்து என் பக்கம் நீட்டுச்சு. "எல்லாம் சாப்புட்டேன் மாமா. பாருங்க, ஒண்ணும் இல்லை. அரைச்சிராதீங்க மாமா."

அய்யோன்னு அப்படியே ரோட்டோரத்துல உக்காந்துட்டேன். கடை முழுக்கச் சிரிச்ச பேச்சு அது. நாங்க எல்லாம் சிரிச்சோம். அது மட்டும் சிரிக்கலை, நம்புச்சு. ரெண்டு அடியும் போட்டு அதை நெசம்னு காட்டுனதும் நான்தான். புடிச்சுக் குடுத்துருவேன்னு சொன்ன அம்மா, இன்னிக்குக் குடுத்துட்டான்னு நெனைச்சிருக்கு. அந்த லாரிக்காரன் ஒரு நொடி அசந்திருந்தா, நான் கை வைக்காமலே கொன்னிருப்பேன்.

துண்டை அவுத்தேன். "மாமா அரைக்க மாட்டேன். பிள்ளைகளை யாரும் அரைக்க மாட்டாங்க. அன்னிக்கு அடிச்சது என் தப்பு"ன்னு, எனக்குத் தெரிஞ்ச சின்னக் குரல்ல சொன்னேன். அரை மணி நேரம் ரெண்டு பேரும் அப்படியே உக்காந்திருந்தோம், நடுவுல பெஞ்சு.

பஸ்ஸு வந்துச்சு. தாய் எறங்கி, விசயத்தைக் கேட்டு, "ரோட்டுல ஓடுவியாடி"ன்னு கையை ஓங்குச்சு. "அவ மேல கை வச்சா நடக்குறது வேற!"ன்னு கத்திட்டேன். அந்தச் சத்தத்துக்கும் பாப்பாதான் நடுங்குச்சு.

இப்ப மில்லுல யாராச்சும் என்னையக் கை காட்டுனா, "அப்படிச் சொல்லாதீங்க தாயி"ங்கிறேன். மில்லுக்காரருக்கு வயசாயிருச்சுன்னு கேலி பண்றாங்க. பாப்பாவை வேன் எறக்கி விடுற நேரத்துக்கு, அரைபடுற மாவு பாதியில நின்னாலும் பரவாயில்லைன்னு மோட்டாரை நிறுத்திட்டு, மூஞ்சியைக் கழுவிட்டு நிக்கிறேன்.

அது தெனமும் மில்லு வாசலுக்கு வருது. உள்ள வாரதில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து என்கிட்ட காட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போகுது. வேணாம் தாயின்னு எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்.